ஜனவரி மின்னஞ்சலுக்கு ஏப்ரலிலேயே தயாராவோம்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் பிரிவிலிருந்து எல்லா ஊழியர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். நடப்பு நிதியாண்டுக்கான முதலீட்டு ஆதாரங்களை இம்மாத இறுதிக்குள் பதிவேற்றுங்கள் என்பதே அதன் சாரம். ஒரு தனியார் நிறுவனத்தின் பேரோல் (சம்பளக் கணக்கு) பிரிவில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வேலை பார்ப்பதால், அதற்கு மறுநாளிலிருந்து என் மேசைக்கு வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். "அக்கா, நான் இன்னும் எவ்வளவு போடணும்?" என்பதுதான் முதல் கேள்வி. எதற்காகப் போட வேண்டும், தன் சம்பளத்துக்குப் போடத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. இந்தப் பதிவை அந்த இரண்டு கேள்விகளுக்காகவே எழுதுகிறேன். இதில் வரும் கணக்குகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை நாம் வாங்கும் சம்பளத்துக்கு உரியவை.

அந்த மின்னஞ்சல் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஊழியரின் ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு நிறுவனத்துக்குக் கடமை விதித்திருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கள் கொடுக்கும் அறிவிப்பை நம்பித்தான் நாங்கள் அந்த மதிப்பீட்டைச் செய்கிறோம். ஜனவரியில் 12பிபி படிவத்தோடு ரசீதுகளைக் கேட்பது அந்த நம்பிக்கையைச் சரிபார்ப்பதற்காக. சொன்னதற்கு ஆதாரம் வரவில்லை என்றால், ஆண்டு முழுவதும் குறைத்துப் பிடித்த வரியை மீதமிருக்கும் இரண்டு, மூன்று சம்பளங்களிலேயே பிடித்தாக வேண்டிய நிலை எங்களுக்கு வந்துவிடும். 30 சதவீத வரம்பில் இருக்கும் ஒருவர் 2 லட்சம் ரூபாய்க்கு ஆதாரம் தரத் தவறினால், செஸ் (வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் வரி) சேர்த்து 62,400 ரூபாய் பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் போய்விடும். அந்த மார்ச் மாதத்தில் வீட்டுத் தவணை கட்டத் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் வரி ஏய்க்க நினைத்தவர்கள் இல்லை. ஏப்ரலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஜனவரி இறுதி என்பது நிறுவனம் தன் வேலை வசதிக்காக வைத்துக்கொள்ளும் கெடு. பணம் கட்டுவதற்குச் சட்டம் தரும் கெடு மார்ச் 31. நிறுவனத்திடம் ஆதாரம் கொடுக்கத் தவறிவிட்டாலும், மார்ச் 31-க்குள் உண்மையாகவே கட்டிய காப்பீட்டு பிரீமியத்தையும், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொகையையும், கொடுத்த வாடகையையும் ஜூலையில் வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது நீங்களே காட்டி, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். இது தெரியாத பதற்றத்தில்தான், ஜனவரி கடைசி வாரத்தில் யாரோ ஒருவர் நீட்டும் காகிதத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படிப் போட்டவள்தான். 2010 பிப்ரவரியில், வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். அலுவலக வரவேற்பறையில் வந்து அமர்ந்திருந்த ஒரு முகவர், ஆண்டுக்கு 30,000 ரூபாய் பிரீமியத்தில் 15 ஆண்டுகளுக்கு சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த ஒரு எண்டோமென்ட் பாலிசியைப் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை ஆறு மணிக்குள் ரசீது வேண்டும் என்பது மட்டுமே என் மனத்தில் இருந்தது. காப்பீட்டுத் தொகை 4 லட்சம் ரூபாய். என் வருமானத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கு, எனக்கு ஏதாவது நேர்ந்தால், அந்தத் தொகை இரண்டு ஆண்டுச் செலவுக்குக்கூடப் போதாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் பாலிசி முதிர்ந்து ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம் கிடைத்தது. கட்டியது மொத்தம் நாலரை லட்சம். கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம்தான் வந்திருக்கிறது. அதே பணத்தை, அதே 80சி சலுகையோடு (குறிப்பிட்ட சேமிப்புகளை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடும் பிரிவு), பிபிஎஃப் கணக்கில் போட்டிருந்தால் 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இழந்த பணத்தைக் காட்டிலும், அந்தப் பதினைந்து ஆண்டுகளும் போதிய ஆயுள் காப்பீடு எனக்கு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆயுள் காப்பீடு மட்டும் தரும் ஒரு டேர்ம் பாலிசியை நான் எடுத்தது 2017-இல்தான்.

அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலீட்டைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. எந்த வரி முறை என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்பேன்.

2023–24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான முறை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், நிறுவனம் அதன்படியே வரியைப் பிடிக்கும். 2025 பட்ஜெட்டில் இதன் வரம்புகள் மாற்றப்பட்டன. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று விகிதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. சம்பளதாரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடியும் உண்டு. ஆகவே சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரியே இல்லை. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 ரூபாய்தான். இரண்டரை லட்சத்துக்கு மேல் 5 சதவீதம், 5 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். ஆனால் 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, வீட்டு வாடகைப் படி, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி ஆகிய கழிவுகள் எல்லாம் பழைய முறையில் மட்டுமே கிடைக்கும்.

எது லாபம் என்பதை ஊகத்தில் சொல்ல முடியாது; கணக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 போக மீதம் 14 லட்சத்து 25 ஆயிரம். வரி 93,750 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 97,500. பழைய முறையில் இதே அளவு வரிதான் வர வேண்டும் என்றால், நிலையான கழிவைத் தவிர இன்னும் 5 லட்சத்து 43 ஆயிரத்து 750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். அதைத் தாண்டினால்தான் பழைய முறையில் லாபம். 24 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு அந்த எல்லை 7 லட்சத்து 87 ஆயிரத்து 500.

இந்தத் தொகைகளைப் பார்த்தவுடன் பலர், எனக்குத்தான் எல்லாமே இருக்கிறதே, எட்டிவிடலாம் என்பார்கள். எட்டுகிறதா என்று பார்ப்போம். அந்த 15 லட்சக்காரரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000, வீட்டு வாடகைப் படி 24,000, அவர் உண்மையில் கொடுக்கும் வாடகை 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைப் படிக்கான விலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அது: வாங்கிய படி முழுவதும், கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த தொகை, சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் குடியிருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊர்களில் 40 சதவீதம். இவருக்கு இரண்டாவதுதான் குறைவு: 20,000-இல் 6,000 போக மாதம் 14,000, ஆண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். கொடுத்த வாடகை முழுவதும் கழியும் என்று நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இதோடு 80சி முழுவதுமாக ஒன்றரை லட்சம், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 சேர்த்தாலும் மொத்தம் 3 லட்சத்து 93 ஆயிரம்தான். பழைய முறையில் இவருக்கு வரி 1 லட்சத்து 34 ஆயிரத்து 784 ரூபாய். புதிய முறையைவிட 37,000 ரூபாய்க்கு மேல் அதிகம். அதுவும், புதிதாக எங்கெங்கோ பணத்தைப் போட்டுவிட்டு.

இவருக்கு வீட்டுக் கடன் இருந்து, ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டுகிறார் என்றால் கணக்கு அப்படியே மாறும். சொந்த ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு, வேலை பார்க்கும் ஊரில் வாடகை வீடு என்று இருப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். அறுபது வயதைக் கடந்த பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாக 50,000 வரை கழிவு இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குப் பழைய முறை இன்னமும் நிஜமான லாபம்தான். அவர்களைப் பார்த்து மற்றவர்களும், மற்றவர்களைப் பார்த்து அவர்களும் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் தவறு.

பழைய முறையில் இருப்பவர்களும், புதிதாக முதலீடு செய்வதற்கு முன் சம்பளச் சீட்டை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னவரின் பிஎஃப் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 86,400 ரூபாய் ஏற்கெனவே 80சி கணக்கில் சேர்ந்துவிட்டது. மீதம் 63,600 மட்டுமே. இரண்டு பிள்ளைகள் வரை பள்ளிக் கல்விக் கட்டணமும், வீட்டுக் கடனின் அசல் தவணையும் அதே ஒன்றரை லட்சத்துக்குள் வந்துவிடும். புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடத் தேவையில்லாத பலர், தேவை இருப்பதாக எண்ணிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

நிறுவனத்திடம் சொன்ன முறையே கடைசி முடிவும் இல்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர், ஜூலை 31-க்குள் கணக்கு தாக்கல் செய்தால், அப்போது வேறு முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டால் பழைய முறைக்குப் போகவே முடியாது.

புதிய முறையில் கழிவே கிடையாது என்று பரவலாக நம்புகிறார்கள். முக்கியமான ஒன்று இருக்கிறது; அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நிறுவனம் உங்கள் பெயரில் என்பிஎஸ் கணக்கில் செலுத்தும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் கழிவு உண்டு. சட்டத்தில் இது 80சிசிடி(2) பிரிவு. பல நிறுவனங்களில் இதற்கான வசதி இருந்தும், ஏப்ரலில் சம்பள அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் யாரும் அதை அழுத்திப் பார்ப்பதில்லை.

போன ஏப்ரலில் ஒரு பெண் வந்தார். ஆண்டுச் சம்பளம் பதின்மூன்றரை லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000. நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 12 லட்சத்து 75 ஆயிரம். தள்ளுபடி எல்லையைத் தாண்டிவிட்டதால் செஸ் சேர்த்து 74,100 ரூபாய் வரி. சிறப்புப் படியிலிருந்து மாதம் 7,000 ரூபாயை எடுத்து, நிறுவனத்தின் என்பிஎஸ் பங்களிப்பாக மாற்றிக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. ஆண்டுக்கு 84,000 அப்படிப் போனால், வரிக்குரிய வருமானம் 11 லட்சத்து 91 ஆயிரம். வரி பூஜ்யம். தன் பெயரிலேயே 84,000 ரூபாய் சேர்கிறது, 74,100 ரூபாய் வரியும் மிச்சம். கால்குலேட்டரை அவரே ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது நிஜமா அக்கா?" என்று கேட்டார். நிஜம்தான். ஆனால் இந்தப் பணம் ஓய்வுக்காலம் வரை பூட்டிக் கிடக்கும் என்பதையும், முடிவில் ஒரு பகுதியை ஆன்யுட்டியாக, அதாவது மாத ஓய்வூதியமாகத்தான் பெற முடியும் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவசரத்துக்கு எடுக்கக் கையில் வேறு சேமிப்பு இல்லாதவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவருக்கு இருந்தது, எடுத்துக்கொண்டார்.

எல்லையை மிகச் சிறிதளவே தாண்டியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. 13 லட்சம் சம்பளத்தில் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்து 25 ஆயிரம் ஆகிறது. விகிதப்படி 63,750 வர வேண்டிய வரி, 12 லட்சத்தைத் தாண்டிய 25,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சட்டமே நிவாரணம் தருகிறது. செஸ் சேர்த்து 26,000 கட்டினால் போதும். சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார் என்பதால் இதை எழுதுகிறேன்.

அதே நேரத்தில் பங்குகளையோ பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டையோ விற்றுக் கிடைத்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. பங்குகளின் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதமும், ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட நீண்ட கால லாபத்துக்கு 12.5 சதவீதமும் தனி விகிதங்கள். 12 லட்சம் வரை வரியில்லை என்று செய்தியில் கேட்டுவிட்டு, விற்ற லாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள்.

புதிய முறைக்கு மாறியவர்களிடம் இன்னொரு மாற்றத்தைப் பார்க்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. வரிச் சலுகை இல்லை என்பதால் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுகிறார்கள், பிபிஎஃப் கணக்கில் போடுவதை நிறுத்துகிறார்கள். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். நோய் வந்த பிறகு சொந்தமாகப் புதிய பாலிசி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை எடுக்கப் போனவர்களிடம் கேளுங்கள். 80டி இல்லாவிட்டாலும் அந்த பிரீமியத்தைக் கட்டுங்கள் என்று நான் வலியுறுத்துகிறேன். வரிக்காகத் தொடங்கிய பழைய எண்டோமென்ட் பாலிசிகளைத் தொடர்வதா என்பதை இப்போது நிதானமாக யோசிக்கலாம். ஆனால் ஒரு டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகே அதை நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும்.

வாடகை ரசீதுகளைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றி எழுத முடியாது. பன்னிரண்டு மாத ரசீதுகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே நாளில் எழுதப்பட்டவையாக வரும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவை. அந்த இடத்தில் பத்து எழுத்துகளில் ஒன்று குறைந்திருக்கும், அல்லது உறவினர் ஒருவரின் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரியவர் வாடகை வருமானம் காட்டியிருக்கிறாரா என்று துறையால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பொய்யான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால், அதனால் தவிர்த்த வரியைப் போல 200 சதவீதம் அபராதம். பெற்றோரின் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு வாடகை கொடுப்பதில் தவறே இல்லை. ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் வங்கி வழியாக அனுப்பி, அவர்களும் அதை வருமானமாகக் காட்டினால் போதும். வாடகையில் 30 சதவீதம் அவர்களுக்குக் கழிவாகவும் கிடைக்கும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டுபவர்கள், வாடகையிலேயே 2 சதவீதம் டிடிஎஸ் (மூலத்தில் பிடிக்கும் வரி) பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு தங்களுடையது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்களுக்கு வருகிறேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் முதல் ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் மாதம் 1 லட்சமும், அடுத்த ஆறு மாதம் இன்னொரு நிறுவனத்தில் ஒன்றரை லட்சமும் வாங்கினார். முதல் நிறுவனம் அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 12 லட்சம் என்று மதிப்பிட்டது. வரி வராது என்று எதுவும் பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்தில் சேரும்போது, பழைய நிறுவனச் சம்பளத்தைத் தெரிவிக்கும் 12பி படிவத்தை அவர் கொடுக்கவில்லை. ஆகவே அந்த நிறுவனத்தின் கணக்கில் அவருடைய வருமானம் 9 லட்சம் மட்டுமே. அங்கும் வரி பிடிக்கவில்லை. அவர் உண்மையில் வாங்கியது 15 லட்சம். கட்ட வேண்டிய வரி 97,500. அதோடு, முன்கூட்டியே கட்டாததற்காக 234பி, 234சி பிரிவுகளின்படி வட்டி. ஜூலையில் கட்டினால் அது மட்டுமே 8,000 ரூபாயைத் தாண்டும். இரண்டு நிறுவனங்களும் தத்தம் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். ஆண்டு முடிவதற்குள் தெரிய வந்தால், மார்ச் 15-க்குள் அந்தத் தொகையை முன்கூட்டிய வரியாகக் கட்டி வட்டியைப் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். வேலை மாறும்போது பழைய பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிவதற்குள் எடுத்தால் அது வரிக்கு உள்ளாகும். அதே யூஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் சேர்ந்து கணக்காகும்.

வைப்பு நிதி வட்டிக்கும் இதே நியாயம்தான். வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டால் வரி முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். இந்த வட்டியையும் அதில் பிடித்த வரியையும் 12பிஏஏ படிவத்தில் நிறுவனத்திடம் சொல்லிவிட்டால், சம்பளத்திலேயே சரிசெய்துவிடுவோம். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகளை ஆர்எஸ்யு ஆக, அதாவது ஊழியருக்குத் தரும் பங்குகளாகப் பெறுபவர்கள், விற்காவிட்டாலும், வரிக்கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அது நிதியாண்டுப்படி இல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு.

ஜூன் 15-க்குள், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16 கைக்கு வந்துவிடும். அன்றே தாக்கல் செய்துவிட வேண்டும் என்று துடிப்பவர்களை நான் கொஞ்சம் நிறுத்தி வைப்பேன். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையையும் திறந்து, படிவம் 16-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறந்துபோன சேமிப்புக் கணக்கின் வட்டி, ஈவுத்தொகை, விற்ற ஃபண்ட் யூனிட்டுகள் எல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். உங்களுடையது இல்லாத பதிவு இருந்தால், அங்கேயே கருத்துத் தெரிவிக்க வழி இருக்கிறது. பழைய முறையில் கழிவு கேட்பவர்கள், பாலிசி எண், கடன் கணக்கு எண், உரிமையாளரின் பான் ஆகியவற்றையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்யும்போது தளம் கேட்கும்.

2026 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. முந்தைய ஆண்டு, கணக்கீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் வரி ஆண்டு என்ற ஒரே சொல் வரும்; நாம் 80சி என்று சொல்லிப் பழகியது 123-ஆம் பிரிவாகும். 2025–26 சம்பளத்துக்கு மட்டும், தாக்கல் செய்வது ஜூலையில் என்றாலும், பழைய சட்டமே பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் தாமதிக்க வேண்டாம்.

தாக்கல் செய்த பிறகு 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்த்தால்தான் தாக்கல் செய்த நாள் கணக்கில் நிற்கும். அதற்கு மேல் தாமதமானால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். ஜூலை கடைசி வாரத்தில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்துத் தாக்கல் செய்துவிட்டு, செப்டம்பரில் சரிபார்த்தால், அது காலம் கடந்த தாக்கலாகிவிடும். அந்த முறைக்கான உரிமையும், ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த ரசீதுகளின் பலனும் அதோடு போய்விடும். அதனால் நான் எப்போதும் கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டே தாக்கல் செய்வேன். ஓடிபி வந்து, சரிபார்ப்பு முடிந்து, ஒப்புகைச் சீட்டைப் பதிவிறக்கி, அந்த ஆண்டின் படிவம் 16 இருக்கும் கோப்பிலேயே சேர்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.